தாத்தா வீட்டைப் புதுப்பித்தாயிற்று, பொங்கல் விடுமுறை அங்கேதான். என்னென்ன பார்க்கணும்?

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். உத்திரமேரூருக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வயலை ஒட்டி, அப்பாவின் அப்பா கட்டிய ஓட்டு வீடு ஒன்று பல வருஷமாகப் பூட்டியே கிடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கோடையில் வேலையை ஆரம்பித்து, ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். திண்ணை, முற்றம், தாழ்வாரம் எதிலும் கை வைக்கவில்லை. பின்கட்டில் கழிப்பறை, சமையலறையில் கடப்பா கல் மேடை, வயரிங் எல்லாம் புதுசு. கிணற்றைத் தூர்வாரி மோட்டார் போட்டிருக்கிறோம்.

பொங்கலுக்கு அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், நான், மனைவி, குழந்தைகள் எல்லோரும் அங்கே போய்த் தங்குகிறோம். எனக்கு வேண்டியது அமைதி. வேலை துரைப்பாக்கத்தில், வீடு மடிப்பாக்கத்தில், இரண்டு பக்கமும் மெட்ரோ வேலை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம். ஒரு பகல் முழுக்க ஹாரன் சத்தம் இல்லாமல் திண்ணையில் படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதான் ஆசை. பூட்டிக் கிடந்த வீட்டில் முதன்முதலாகக் குடும்பத்தோடு தங்கும்போது என்ன கவனிக்கணும்? கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? பாம்பு பயம் அம்மாவுக்கு ரொம்ப இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

போரூர்_ரைடர்:
ப்ரோ, செம விஷயம்! வைஃபை போட்டாச்சா? முற்றத்துல ஒரு ப்ரொஜெக்டர், நல்ல ஸ்பீக்கர், கொல்லையில ஒரு சின்ன நீச்சல் குளம். அப்புறம் பாருங்க, சனி ஞாயிறுக்கு ஆளுங்க வரிசையில நிப்பாங்க. இந்தப் பக்கம் பண்ணை வீட்டுக்கு என்ன வாடகை கேக்கறாங்க தெரியுமா? போட்ட காசு சீக்கிரம் திரும்பிடும்.

பெரம்பூர்அக்கா:
வாடகைக் கணக்கு அப்புறம் இருக்கட்டும் தம்பி, முதல்ல வீட்டுக்காரங்க போய்ப் படுத்து எழுந்திரிக்கட்டும்.

மடிப்பாக்கம் தம்பி, எங்க மாமியார் வீடும் இப்படித்தான், திருத்தணி பக்கம். பூட்டின வீட்டுக்கு ஆள் புழக்கம்தான் மருந்து. போகிக்கு முந்தின வாரமே பெரியவங்க ரெண்டு பேர் போகட்டும். எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சு, அடுப்பு மூட்டி, ரெண்டு வேளை சமைச்சா வீட்டுக்குள்ள இருக்கிற பூஞ்சை வாடை தானா போயிடும். பாய், தலையணை, போர்வை எல்லாத்தையும் வெயில்ல காயப் போடுங்க. மார்கழிப் பனி வயக்காட்டுல நம்ம ஊர் மாதிரி இருக்காது. முற்றம் திறந்திருக்கிற வீட்டுல விடியக்காலையில நல்லா குளிரும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், பெரியவங்களுக்கு காதை மூட மப்ளர் எடுத்துக்கோங்க.

அரிசி பருப்பை இங்கிருந்து மூட்டை கட்டாதீங்க. அந்த ஊர்க் கடையிலயே வாங்குங்க. பால் யார் வீட்டுல கறக்கறாங்கன்னு கேட்டு, அவங்ககிட்டயே சொல்லி வைங்க. நாலு பேர் வீட்டுக்கு வந்து போனாத்தான் நீங்க இல்லாத நாள்ல அந்த வீட்டுக்கு நாலு கண்ணு இருக்கும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அப்பா, சித்தப்பான்னு எழுதியிருக்கீங்க. அத்தை யாரும் இல்லையா?

சுண்ணாம்புச்சாந்து:
பழைய வீடுகளில் வேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர் நான், நங்கநல்லூர். ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் மேலே பேச முடியும். சுவருக்கு என்ன பூச்சு பூசினீர்கள்? உள்ளே, வெளியே இரண்டையும் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான்:
அக்கா, அத்தை அம்பத்தூரில் இருக்கிறார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

சார், உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு நன்றாக இருந்ததால் அதையே விட்டுவிட்டு வெள்ளையடித்தோம். வெளியே நிறைய இடத்தில் பெயர்ந்திருந்தது. மேஸ்திரி சொன்னபடி சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷன் அடித்திருக்கிறது. போன வாரம் அப்பா போய்ப் பார்த்தபோது கூடத்துச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் தெரிகிறதாம். கூரையில் ஒழுகல் எதுவும் இல்லை.

சுண்ணாம்புச்சாந்து:
நினைத்தேன். அது கூரை ஒழுகல் இல்லை, ஓதம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நான் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைக்குக் கொத்து வேலை பழகுகிற யாருக்கும் சிமெண்ட்தான் கையில் கொடுக்கப்படுகிறது.

நடப்பது இதுதான். அந்தக் காலத்து வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்பு கிடையாது. சூளைச் செங்கல்லை மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் தரையின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, ஏறிய ஈரம் அதன் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். வெளியே சிமெண்ட்டும் அதற்கு மேல் எமல்ஷனும் போட்டால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஈரம் உள்பக்கமாகத் திரும்பி, கூடத்துச் சுவரில் உப்புப் பூத்து, நல்லபடியாக இருந்த பழைய பூச்சையும் பெயர்க்கும். விட்டுவிட்டால் சில வருஷங்களில் செங்கல்லே மாவாக உதிர ஆரம்பிக்கும்.

பொங்கலுக்குள் இதில் ஒன்றும் செய்யாதீர்கள். ஈரச் சுவரின் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். கட்டில், பீரோ எதையும் அந்தச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். மாசி பிறந்து வெயில் ஏறியதும் வெளிப்பக்கத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பு. ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிச் சாந்தைக் குழைக்கணும். கடைசிப் பூச்சு மாவு மாதிரி அரைத்த சுண்ணாம்பில். அது இறுகி வரும்போது கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வழவழப்பாகி, மங்கலாக முகம் தெரிகிற பதத்துக்கு வரும். செட்டிநாட்டு வீடுகளில் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குளிர்ச்சியே வேறு. ஆனால் அந்தப் பளபளப்பு உள்கூடத்துக்குத்தான். வெளிச்சுவருக்கு மணியாசுக் கட்டை, அதாவது பூச்சைச் சமப்படுத்தும் மரப்பலகை, போட்டுத் தேய்த்தாலே போதும்.

கூரை நாட்டு ஓடா, சீமை ஓடா?

மடிப்பாக்கத்தான்:
நாட்டு ஓடு சார். பனங்கைமரம். வைரம் பாய்ந்த மரம், கரையான் தொடவே இல்லை. உடைந்த ஓட்டுக்கு மட்டும் பக்கத்து ஊரில் இடிக்கிற வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கி மாற்றினோம். விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. அப்பாவுக்கு அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன்.

சுண்ணாம்புச்சாந்து:
பனை என்றால் கவலையே வேண்டாம். நாட்டு ஓட்டை மட்டும் சில வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்கு முன்னால் ஆள் விட்டுப் பிரித்து அடுக்கணும். குரங்கு, பூனை நடந்து நகர்ந்த ஓடுதான் ஒழுகும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

செங்கை_செவிலி:
அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் பயத்தைச் சும்மா பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டுமே நெல் விளைகிற மாவட்டம். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. விஷமுள்ளவற்றில் முக்கியமானவை நாலு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978-இல் தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் இரண்டு பேருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அந்தச் சமூகத்தின் கைத்திறன்தான் எங்கள் வார்டில் தினமும் உயிரைக் காப்பாற்றுகிறது.

கட்டு விரியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராத்திரியில்தான் வெளியே வரும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியே இருக்காது. பல்பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தொங்குவது, நாக்குக் குழறுவது என்று எழுந்தால், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டிலேயே கஷாயம் கொடுத்து நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். கிராமத்து வீட்டில் அப்படி ஒரு காலை வந்தால் உடனே 108. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்க விடாமல் கொண்டு வாருங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்து வரவும் வேண்டாம், அறிகுறியைப் பார்த்தே மருந்து கொடுப்போம்.

குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். இரவில் கொல்லைக்குப் போகும்போது டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வைக்கோல், விறகு, உடைந்த ஓடு எதையும் சுவரோரம் அடுக்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீருக்குப் ப்ளீச்சிங் பவுடர் போடலாம். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்க மட்டும் கொதிக்கவைத்து ஆற்றியது. புதுக் கழிப்பறையின் செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், 15 மீட்டராவது வேண்டும்.

மடிப்பாக்கத்தான்:
மேடம், டேங்க் எதிர்மூலையில் இருக்கிறது, தூரம் தாராளம். கட்டு விரியன் விஷயம் எங்கள் யாருக்குமே தெரியாது. தாழ்வாரத்தில் எல்லோரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பதாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு கட்டில் வாடகைக்கு எடுக்கிறோம், வலையும் வாங்கிவிடுகிறேன்.

கூழைக்கடா:
வேளச்சேரியிலிருந்து பறவை பார்க்கக் கிளம்புகிற ஆள் நான். நீங்கள் போகும் இடத்தின் அருமையை இங்கே யாரும் சொல்லவில்லையே! வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள் உங்கள் ஊருக்குப் பக்கம். இரண்டும் 2022-இல் ராம்சார் என்ற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. தை மாதம் போனால் மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, வக்கா எல்லாம் குஞ்சும் குடும்பமுமாக இருக்கும். காலை ஆறு மணிக்கு உள்ளே போய்விடுங்கள், கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான் வரும். இருநூறு வருஷத்துக்கு மேலாக ஊர்க்காரர்களே காத்துவருகிற ஏரி வேடந்தாங்கல். தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

ஆனால் ஏரிக்குப் போகாவிட்டாலும் நஷ்டமில்லை. உங்கள் திண்ணையே போதும். அறுத்த வயலில் மடையானும் உண்ணிக்கொக்கும் வந்து இறங்கும். கரண்ட் கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது அதன் இறக்கையில் விரிகிற நீலத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ராத்திரி வயலுக்குள் யாராவது நடந்தால் ஆள்காட்டி கத்தும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புதிதாகக் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

ஸ்பீக்கர் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். போரூர் நண்பரே, உங்கள் மேல் கோபமில்லை. அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் சனிக்கிழமை ராத்திரி போடுகிற பாட்டு எத்தனை வயல் தாண்டிக் கேட்கும் தெரியுமா? விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் தூக்கம்தான் கெடுகிறது.

போரூர்_ரைடர்:
சரி தல, ஸ்பீக்கர் வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா ஒரு உண்மையை யாராவது சொல்லணும். பொங்கலுக்கு கிராமத்துல அமைதியா? எங்க அம்மா ஊர் வந்தவாசி பக்கம். மார்கழி முழுக்க விடியக்காலை அஞ்சு மணிக்கு கோயில்ல மைக் செட். போகி அன்னிக்கு மேளம். சம்பா அறுப்புக்கு மிஷின் ராத்திரியெல்லாம் ஓடும். மாட்டுப் பொங்கலுக்கு ஊரே தெருவுல இருக்கும். காணும் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, கமெண்ட்ரி, சினிமா பாட்டு. திண்ணையில படுத்து தூங்கலாம்னு போனா ஏமாந்துடுவீங்க.

பெரம்பூர்அக்கா:
போரூர் தம்பி சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை. பொங்கல் ஊரோட பண்டிகை, அன்னிக்கு வீட்டு வாசல் திறந்துதான் இருக்கணும். தாத்தா பேரைச் சொல்லிக்கிட்டு யார் யாரோ வருவாங்க. காபி போட்டுக் கொடுத்தே உங்க வீட்டம்மாவுக்குக் கை ஓயும், அதனால ஆம்பளைங்களும் அடுப்படிக்கு வரணும், சொல்லிட்டேன். அமைதி வேணும்னா தை கடைசியிலயோ மாசியிலயோ நீங்க ரெண்டு பேரும் குழந்தைகளும் மட்டும் போங்க. அறுப்பு முடிஞ்சிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பொங்கலுக்குப் போறதை மட்டும் விட்டுடாதீங்க. பொங்கலுக்கு வராம மாசியில மட்டும் வந்து கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கிறவங்களை ஊர் சொந்தக்காரனா நினைக்காது, விருந்தாளியாத்தான் பார்க்கும்.

தாம்பரம்_பணிமூப்பு:
வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நண்பர்கள் தொடாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது மின்சாரம். வயலை ஒட்டிய வீடு என்கிறீர்கள். கிணற்று மோட்டாருக்கு விவசாய இலவச இணைப்பு இருந்தால், அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்து விளக்கு எரிக்கக் கூடாது. அது விதிமீறல். வீட்டுக்குத் தனி இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, பெரம்பூர் அம்மையார் கேட்ட கேள்வி. அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. தாத்தா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் காலமானார் என்றால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகன்களோடு சமபங்கு உண்டு. குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் பிரித்துக் கேட்பதற்கு இருந்த தடையும் 2005 திருத்தத்தில் நீங்கிவிட்டது. பூர்வீகச் சொத்து என்றாலும் தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு உரிமை வந்தது. மணமான மகள்களுக்கும் 2005-இல் நாடு முழுக்க வந்தது. திருத்தம் அமலுக்கு வந்தபோது தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வீடு கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில், இருந்தால் நத்தம் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள், வாரிசுச் சான்றிதழில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். செலவு செய்தது இரண்டு மகன்கள் என்பது வேறு கணக்கு, அதை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடந்து இடிந்ததற்குக் காரணம் மழையும் கரையானும் இல்லை, கேட்கப்படாத ஒரு கையெழுத்துதான் என்பதை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

மடிப்பாக்கத்தான்:
ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தா சொந்த உழைப்பில் கட்டிய வீடுதான், உயில் கிடையாது. பாட்டியின் காரியத்தின்போது நகை பற்றி ஏதோ பேச்சு வந்து, அதிலிருந்து அத்தை எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. வேலை நடக்கும்போது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உண்மை.

என் சின்ன வயசில் கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அத்தைதான் கிணற்றடியில் எங்களை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டுவார். கப்பியில் கயிறு ஓடுகிற சத்தம் கேட்டதும் ஓடி ஒளிவோம். சீயக்காய் கண்ணில் படாமல் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். அந்த வீட்டில் அவர் இல்லாத பொங்கல் சரியில்லை என்று நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நாளை ஞாயிறு. அப்பாவும் சித்தப்பாவும் அம்பத்தூர் போகிறார்கள். பட்டா பற்றியும் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

பெரம்பூர்அக்கா:
வெறுங்கையோட போக வேண்டாம்னு சொல்லுங்க. பொங்கல் சீர் அண்ணன் தம்பி வீட்டுலேர்ந்து போகணும். புடவை, வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து, கரும்பு. பண்டிகை வரைக்கும் காத்திருக்காம இப்பவே கொண்டு போய் வெச்சாலும் தப்பில்லை. முதல்ல அதை வெச்சிட்டு, அப்புறம் பட்டாவைப் பேசட்டும்.

போரூர்_ரைடர்:
மடிப்பாக்கம் ப்ரோ, உருப்படியா ஒண்ணு நானும் சொல்றேன். போகிக்கு முந்தின ராத்திரி ஜி.எஸ்.டி. ரோடு பக்கமே போகாதீங்க. கிளாம்பாக்கத்துலேர்ந்து பரனூர் டோல் வரைக்கும் நகரவே நகராது. வண்டலூர்ல திரும்பி ஒரகடம், வாலாஜாபாத், பழையசீவரம், அங்க பாலாத்துப் பாலம் தாண்டி திருமுக்கூடல், சாலவாக்கம், உத்திரமேரூர். சுத்துதான், ஆனா வண்டி ஓடும். திருமுக்கூடல் பக்கம் கல் குவாரி லாரிங்க வரும், அதனால வெளிச்சத்துலயே தாண்டிடுங்க. பெரியவங்க ரயில்ல வர்றதா இருந்தா மேல்மருவத்தூர் மெமு ரயில்ல வந்து மதுராந்தகத்துல இறங்கினா போதும், நீங்க போய் கூட்டிட்டு வந்துடலாம்.

கூழைக்கடா:
திருமுக்கூடல் வழியாகப் போனால் பெருமாள் கோயிலில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். அங்கே 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குழந்தைகள் பாடப் புத்தகத்தில் படிப்பதை விரலால் தொடுகிற தூரத்தில் பார்க்கலாம்.

மடிப்பாக்கத்தான்:
அம்பத்தூர் போய்விட்டு வந்துவிட்டார்கள். அத்தை பட்டா பேச்சையே எடுக்கவிடவில்லையாம், பொங்கல் முடியட்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் வருகிறார், மாமாவும் வருகிறார். பழைய வெண்கலப் பானை தன்னிடம்தான் இருக்கிறது என்றும், அதைக் கொண்டு வருவதாகவும் சொன்னாராம். மூன்று பேர் பெயரிலும் பட்டாவுக்கு விண்ணப்பிப்பது என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்துவிட்டார்கள்.

என் அமைதிக்கு மாசியில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுண்ணாம்புச்சாந்து சார், சிமெண்ட்டைக் கொத்தும் வேலையை அப்போதே நான் கூட இருந்து பார்க்கலாமா? சுண்ணாம்பு எப்போது ஊறப்போடணும்?

சுண்ணாம்புச்சாந்து:
தாராளமாக. கொத்தும்போது சத்தமும் தூசியும் இருக்கும், அதை முதலிலேயே முடித்துவிட்டு மிச்ச நாளை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் காய்கிற மாதங்களிலேயே சுண்ணாம்பையும் ஊறப்போட்டுவிடலாம். கல் சுண்ணாம்பாக வாங்குங்கள், பாக்கெட் பவுடர் வேண்டாம். கொல்லையில் ஒரு தொட்டி கட்டி, தண்ணீர் விட்டு நீற்றி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊரில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஆடிக்கு முன்னால் பூச்சு முடிந்துவிடணும். கொத்திய பிறகு சுவரை நாலு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள், செங்கல்லின் நிலையைப் பார்த்துவிட்டு மணல் அளவைச் சொல்கிறேன்.